நெறியாளரும் மாணாக்கரும்: கைலாசபதி, சிவத்தம்பி ஆய்வேடுகளை முன்வைத்து ஒரு நோக்கு

நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் விரிவாகக் கூறுகின்றது. அன்னத்தையும் பசுவையும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியன கடைமாணாக்கருக்கு உவமைகளாகின்றன. இவ்வுவமைகள் யாவும் ஒரே அளவுகோலின்பாற்பட்டவை. ஆசிரியர் கொடுத்ததை மாணாக்கன் எவ்வாறு பெற்றான், பெற்றதில் எவ்வளவைப் பேணிக்கொண்டான் என்பதே அவ்வளவுகோல். ஆசிரியர் அறியாத ஒன்றை மாணாக்கன் கண்டு கூறுவான் என்ற எதிர்பார்ப்பு அங்கு இல்லை. மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்ட சாமிநாதையர், ஆசிரியர் 1876இல் மறைந்த பின்னர், அவரிடம் கேட்டறியாத சீவகசிந்தாமணியை ஆராய்ந்து 1887இல் பதிப்பித்தார். ஆயின், அது அம்மாணவரின் ஆர்வமும் காலத்தின் தேவையும் கூடியமையால் நிகழ்ந்ததேயன்றி, பாடங்கேட்டல் என்னும் முறை அவரிடம் வேண்டிய ஒன்றன்று.

பல்கலைக்கழகம் வழங்கும் கலாநிதிப் பட்டமோ இதற்கு மாறான நியதியை உடையது. அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலன்றி அப்பட்டம் கிட்டாது. அவ்வாறாயின், அங்கு ஆசிரியரின் பணி யாது? தாம் அறியாத விடயத்திலே ஒருவருக்கு வழிகாட்டுவது எங்ஙனம்? மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலே நெறியாளர் எனவும் மேற்பார்வையாளர் எனவும் வழங்கும் இவ்வுறவு தமிழாய்வுக்குள் வந்தபோது நேர்ந்தவை எவை? ஈழத்துத் தமிழாய்வு வரலாற்றிலே இவ்வினாவை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, ஒரே நெறியாளரின்கீழ் ஒரே பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட இரண்டு ஆய்வேடுகளாகும். ஒன்று, பேராசிரியர் க. கைலாசபதி 1966இல் பட்டம் பெற்ற ஆய்வு. அது 1968இல் ஒக்ஸ்ஃபோட்டிலிருந்து நூலாக வெளிவந்தது. மற்றையது, பேராசிரியர் கா. சிவத்தம்பி 1970இல் பட்டம் பெற்ற ஆய்வு. அது 1981இல் சென்னையில் நூலுருப் பெற்றது. முன்னையது சங்கப் பாடல்களை வீரநிலைக் கவிதையாக ஆராய்வது. பின்னையது பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தின் நிலையை ஆராய்வது. இரண்டுக்கும் நெறியாளர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன்.

இவ்விரு நூல்களையும் அவற்றின் முடிபுகளுக்காக மதிப்பிட்டோர் பலர். நெறியாளருக்கும் மாணாக்கருக்கும் இடையே நிகழ்ந்த கொள்வினை கொடுப்பினையின் விளைவுகளாக அவற்றை நோக்குதல் அரிது. அவ்வாறு நோக்குமிடத்து, இன்றைய ஆய்வு மாணவருக்கும் பொருந்துவதான ஓர் உண்மை புலப்படும்.

1. தொம்சன் என்னும் நெறியாளர்

ஈழத்திலிருந்து தமிழாய்வுக்கெனப் பிரித்தானியா சென்றோரில் கைலாசபதியும் சிவத்தம்பியும் முதல்வர் அல்லர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1930களில் இலண்டனிலே தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கேயே பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் பட்டம் பெற்றார். ஆ. சதாசிவம், ஆ. வேலுப்பிள்ளை ஆகியோர் ஒக்ஸ்ஃபோட்டில் திராவிட மொழியியலறிஞர் தோமஸ் பரோவிடம் பயின்றனர். இவர்களுக்கு வாய்த்த நெறியாளர்கள் கீழைத்தேய மொழிகளையே துறையாகக் கொண்டோர். கைலாசபதியும் சிவத்தம்பியும் தேடிச் சென்றவரோ கிரேக்க அறிஞர், தமிழறிஞர் அல்லர். இவ்வேறுபாடு சிறிதன்று.

தொம்சன் (1903–1987) 1937 முதல் 1970 வரை பேர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியராக விளங்கினார். கிரேக்கத் துன்பியல் நாடகத்தை ஏதென்ஸ் நகரின் சமூக வரலாற்றோடு இணைத்து அவர் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. மார்க்சியமும் கவிதையும் பற்றிய சிறுநூல் 1945இலும், பண்டைக் கிரேக்கச் சமூகம் பற்றிய பெருநூலின் முதற் பகுதி 1949இலும் வெளிவந்தன. சடங்கு, உழைப்பு, குலமரபு ஆகியவற்றிலிருந்து கவிதையும் நாடகமும் கிளைத்த வகையை மார்க்சிய நோக்கிலே விளக்கியமை அவருடைய தனிச்சிறப்பு.

தமிழ் வாசகர் அதிகம் கவனியாத வேறொரு பக்கமும் அவருக்கு உண்டு. இலண்டனிற் பிறந்த அவர் 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குச் சென்று, அங்கு வாழ்ந்த மீனவரிடம் ஐரிஷ் மொழியைக் கற்றார். 1931 முதல் 1934 வரை கோல்வே நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கிரேக்கத்தை ஐரிஷ் மொழி மூலம் கற்பித்தார். ஆங்கிலத்தின் ஆதிக்கத்தால் அருகிவந்த மொழியொன்றில் உயர்கல்வி இயலும் என்பதைச் செயலிற் காட்ட முனைந்தவர் அவர். தீவு இளைஞரான மொரிஸ் ஓ'சலிவனைத் தம் வாழ்க்கை வரலாற்றை ஐரிஷ் மொழியிலேயே எழுதுமாறு ஊக்கி, அந்நூல் 1933இல் வெளிவரவும் அதே ஆண்டில் ஆங்கிலமாக்கம் பெறவும் துணைநின்றார். எழுத்தறிவைப் பெரிதும் சாராது பேச்சிலேயே கவிதை வாழ்ந்த அத்தீவின் அனுபவமே ஹோமரை விளங்கிக்கொள்ளத் தமக்கு உதவியது என்பதும் அவருடைய துணிபு.

ஆகவே, தொம்சன் தம் தமிழ் மாணாக்கருக்குக் கொடுத்தது மார்க்சியக் கோட்பாடு மாத்திரமே என்று கூறுதல் முழுமையாகாது. மார்க்சியத்தை அவர்கள் ஈழத்திலேயே கற்றிருந்தனர். வாழும் வாய்மொழி மரபைக் கொண்டு மறைந்த காலத்தின் கவிதையை விளங்குதல், ஒரு சமூகத்தை மற்றொரு சமூகத்தின் ஒளியில் நோக்குதல் என்னும் முறைகளே அவரிடமிருந்து அவர்கள் சிறப்பாகப் பெற்றவை எனலாம்.

2. கைலாசபதி: ஒப்பீட்டின் பயனும் எல்லையும்

கைலாசபதியின் ஆய்வு, சங்கப் பாடல்கள் வீரயுகமொன்றின் வாய்மொழிக் கவிதைகள் எனக் காட்ட முனைவது. வீரயுகம் என்னும் கருத்தை சாட்விக் 1912இலேயே விரித்துரைத்திருந்தார். பௌராவின் வீரநிலைக் கவிதை பற்றிய நூல் 1952இலும், அல்பேர்ட் லோட் வாய்மொழிப் பாடகர் பற்றி எழுதிய நூல் 1960இலும் வந்திருந்தன. இவற்றைத் துணைக்கொண்டு, பாணர், பொருநர், கூத்தர், விறலியர் ஆகியோரின் வாழ்க்கையையும், பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் சொற்றொகுதிகளையும், பாடற்பொருள்களையும், அவை காட்டும் வீர உலகையும் கைலாசபதி ஆராய்ந்தார்.

இவ்வாய்வு முறையின் பிறப்பிலேயே நெறியாளரின் பணி யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மில்மன் பரி என்னும் அமெரிக்கர் ஹோமரின் மரபுத் தொடர்களை ஆராய்ந்து 1928இல் பாரிஸில் பட்டத்துக்கு ஆய்வேடு அளித்தார். அவ்வேளையில் ஹோமர் அவருக்கு ஏட்டிலுள்ள கவிஞரே. அவருடைய ஆசிரியரான மொழியியலறிஞர் அன்ரோயின் மெய்யே, தென்சிலாவியப் பாடகர்களை நேரிற் கேட்டு ஆராய்ந்த மத்தியா மூர்க்கோவின் பணியை அவருக்குச் சுட்டினார். அச்சுட்டுதலே பரியை யூகோசிலாவியாவின் கிராமங்களுக்கு இட்டுச் சென்றது. பரி 1935இல் இளவயதில் மறைந்தபின், களத்தில் அவருக்கு உதவியாளராயிருந்த லோட் அப்பணியைத் தொடர்ந்தார். மெய்யே தாமே அப்பாடகரை ஆராய்ந்தவரல்லர். மாணவன் நிற்கும் இடத்தையும் அவன் பார்க்கத் தவறிய திசையையும் அவர் அறிந்திருந்தார். நெறியாளரின் முதன்மைப் பணி இதுவே.

கைலாசபதியைப் பொறுத்தவரை அத்திசை கிரேக்கமாக அமைந்தது. அதனால் விளைந்த பயன் பெரிது. பாணனையும் புலவனையும் தெய்வப் புலமையாளராகப் போற்றும் வழக்கிலிருந்து விடுவித்து, மன்னனின் கொடையை நம்பி வாழ்ந்த தொழிலாளராக அவர் காட்டினார். கடுமான், நெடுந்தேர் முதலியன பாடல்கள்தோறும் திரும்ப வருதல் கற்பனை வறட்சியன்று. பாடும் தொழிலின் கருவி அது என விளக்கும் வழி பிறந்தது. தமிழின் தொன்மையை வியந்துரைத்தலே ஆராய்ச்சி எனப் பலரும் கருதிய காலத்தில், சங்க இலக்கியத்தை உலகின் பிற வாய்மொழி இலக்கியங்களோடு ஒருங்கு வைத்து நோக்கியமை துணிவான செயலாகும்.

ஆயின், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருளே ஆய்வின் எல்லையையும் வகுத்துவிட்டது. ஹோமரின் இலியட் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளைக் கொண்டது. அத்தகைய நெடும் பாடலை ஏட்டின் துணையின்றிப் பாடுவோனுக்கு, யாப்பிற்கு இசைந்த ஆயத்தத் தொடர்கள் இன்றியமையாதவை. பரியின் கோட்பாடு அத்தேவையிலிருந்து பிறந்தது. புறநானூற்றிலோ பெரும்பாலானவை சில அடிகளிலிருந்து நாற்பது அடிகள்வரை அமைந்த தனிப்பாடல்கள். பத்து அடிகளைப் புலவனொருவன் சிந்தித்து ஆக்கி மனனஞ் செய்தல் எளிது. எனவே, மரபுத்தொடர் மீண்டும் வருதல் இங்கு வாய்மொழி ஆக்கத்துக்குச் சான்றா, அன்றி வாய்மொழி மரபைப் பின்பற்றிய புலமை ஆக்கத்துக்குச் சான்றா என்பது தனியே நிறுவப்படவேண்டியதொன்று. அவ்வாறே, நாண், ஊடல், இரங்கல் ஆகியவற்றை நுணுகிப் பாடும் அகப்பாடல்களை வீரநிலைக் கவிதை என்னும் பெயருள் அடக்குதலும் முழுதும் இசைவதாயில்லை.

1975இல் வெளிவந்த நூலில் ஜோர்ஜ் ஹார்ட், பாணர் மரபிலிருந்து கற்ற புலவர் ஆக்கியனவே இப்பாடல்கள் என்று வேறுபடுத்தினார். ஹார்ட் ஹார்வாட்டிலே சமஸ்கிருதம் பயின்றவர். அவருடைய நூல் தமிழ்ப் பாடல்களைப் பிராகிருத, சமஸ்கிருதக் கவிதைகளோடு ஒப்பிடுவது. 2001இல் ஹேர்மன் டீக்கன் இன்னும் ஒருபடி சென்று, இவை பிற்காலத்தில் அரசவையில் ஆக்கப்பட்ட காவிய மரபின என வாதிட்டார். டீக்கனின் காலக்கணிப்பைப் பலர் ஏற்கவில்லை. எனினும், இவ்வரிசையிலே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கிரேக்க அறிஞரிடம் சென்றவர் சங்கப் பாடலில் ஹோமரைக் கண்டார். சமஸ்கிருதத் துறையிலிருந்து வந்தவர்கள் அங்கே காவியத்தின் சாயலைக் கண்டனர். பாடல்கள் அவையே. நெறியாளரின் துறை, தமிழ் எதனோடு ஒப்பிடப்படும் என்பதை வினா எழுமுன்னரே ஓரளவு தீர்மானித்துவிடுகின்றது. நெறியாளரைத் தெரிவுசெய்தல் ஒரு நிர்வாக நடைமுறை எனக் கருதுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

3. சிவத்தம்பி: அதே நெறி, வேறு வினா

தொம்சன் ஓய்வுபெற்ற அதே 1970ஆம் ஆண்டில் சிவத்தம்பி பட்டம் பெற்றார். நெறியாளரின் புகழுக்குக் காரணமான துறையையே, அதாவது நாடகத்தின் தோற்றத்தையே, அவர் தெரிந்துகொண்டார். மாணாக்கனுக்கு இது ஆபத்தான தெரிவாகும். நெறியாளர் கண்ட முடிபைத் தமிழ்ச் சான்றுகளைக் கொண்டு மீண்டும் நிறுவினால், ஆய்வு ஓட்டைக்குடமாகாவிடினும் கிளியாக முடிந்துவிடக்கூடும்.

சிவத்தம்பி அதிலிருந்து தப்பினார். அதற்குத் துணையாயிருந்தது சான்றுகளின் இயல்பே. ஏதென்ஸிலே சடங்கிலிருந்து துன்பியல் நாடகம் எழுந்தமைக்கு நாடகப் பிரதிகளே எஞ்சியுள்ளன. பண்டைத் தமிழகத்திலோ கூத்தர், கோடியர், வயிரியர், கண்ணுளர், விறலியர் எனக் கலைஞரின் பெயர்கள் பலவாக உள்ளன. வெறியாட்டு, குரவை முதலிய ஆடல்கள் உள்ளன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையும் உள்ளன. நாடகப் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. எனவே, நாடகம் எவ்வாறு தோன்றியது என்ற தொம்சனின் வினா தமிழ்ச் சூழலிலே இயல்பாகவே மாறுகின்றது. ஆடலும் சடங்கும் கலைஞரும் இத்துணை நிறைந்திருந்த சமூகத்திலே அவை அடைந்த கதி யாது, அக்கலைஞர் சமூகத்தில் எந்நிலையில் வைக்கப்பட்டனர் என்பனவே முன்னிற்கும் வினாக்களாகின்றன. இல்லாத பிரதிகளைக் கற்பனை செய்யாமல், கிடைத்த சான்றுகளிலிருந்து சமூகத்தை நோக்கிச் செல்லும் பொறுமை இந்நூலின் வலிமையாகும்.

1974இல் சிவத்தம்பி திணைக் கோட்பாடு குறித்து எழுதிய ஆங்கிலக் கட்டுரையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஐந்திணை என்பது தமிழகத்தின் வெவ்வேறு நிலப்பகுதிகளிலே சமூகம் சமனற்று வளர்ந்தமையைக் காட்டும் சான்று என அதில் அவர் விளக்கினார். இவ்விளக்கம் வீரயுகம் என்னும் ஒருமைக் கருத்தை உள்ளிருந்தே திருத்துகின்றது. குறிஞ்சியும் மருதமும் ஒரே வளர்ச்சிப்படியில் இல்லையாயின், முழுத் தமிழகத்துக்கும் பொதுவான வீரயுகம் ஒன்றைப் பேசுதல் எளிதன்று. ஒரே நெறியாளரின் மாணாக்கரும், நெருங்கிய நண்பரும், ஒரே கொள்கை வழி நின்றோருமான இருவரிடையே இவ்வேறுபாடு தோன்றியமை தொம்சனின் நெறிப்படுத்தலுக்குப் பெருமை சேர்ப்பது. கிளிகளை வளர்க்கும் ஆசிரியரிடமிருந்து இத்தகைய வேறுபாடு பிறந்திராது.

4. தமிழறியா நெறியாளரும் தமிழ் வாசகரும்

தமிழ் அறியாத ஒருவரின்கீழ்த் தமிழாய்வு செய்தல் நகைப்புக்குரியது எனச் சிலர் கூறுவதுண்டு. அக்கூற்று பாதி உண்மையே. தமிழறியாதவருக்கு எழுதும்போது எதனையும் யாவரும் அறிந்தது என விட்டுவிட முடியாது. பாணன் யார், திணை என்பது யாது, தொகுத்தோன் எக்காலத்தவன், இவ்வடிக்கு இப்பொருள் கொள்வது எதனால் என ஒவ்வொன்றையும் நிறுவவேண்டும். அவ்விரு நூல்களின் தெளிவுக்கு இக்கட்டாயம் ஒரு காரணமாகும். மறுபுறத்தில், ஒரு பாடலுக்குக் கொண்ட பொருள் தவறெனச் சுட்டவோ, எடுத்துக்காட்டாக வராத பாடலை நினைவூட்டவோ அத்தகைய நெறியாளரால் இயலாது. அக்குறையை நிரப்பியது பேராதனையில் அவர்கள் முன்னர் பெற்ற பயிற்சியே. கணபதிப்பிள்ளை, வி. செல்வநாயகம், வித்தியானந்தன் ஆகியோர் கற்பித்த துறையிலிருந்து சென்றமையாலேயே பேர்மிங்ஹாம் அவர்களுக்குப் பயன்பட்டது. இவ்வகையில், அவ்வாய்வேடுகளுக்கு நெறியாளர் ஒருவரல்லர். பேராதனைத் தமிழ்த்துறையும் பேர்மிங்ஹாம் கிரேக்கத்துறையும் சேர்ந்தே அவற்றை நெறிப்படுத்தின.

இதனினும் பாரதூரமானது மொழிப் பிரச்சினையாகும். பேராதனைக் கலைப்பீடத்திலே 1960ஆம் ஆண்டளவில் தாய்மொழிவழிக் கல்வி தொடங்கியது. கைலாசபதியின் நூல் ஒக்ஸ்ஃபோட்டில் வெளிவந்த 1968இல், அவரிடம் தமிழிலக்கியம் கற்கும் மாணவர் தமிழ்மொழி மூலமே பயின்றுவந்தனர். ஆங்கில மூலம் கற்ற கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஆசிரியர் எழுதிய நூலை, தமிழ்மூலம் கற்ற முதல் தலைமுறை மாணவர் எளிதிற் படிக்க இயலாதிருந்தனர். கொழும்பிலே தினகரன் ஆசிரியராயிருந்து பொதுவாசகருக்கெனத் தமிழில் எழுதவும் எழுதுவிக்கவும் செய்தவர் கைலாசபதி. மீனவ இளைஞரொருவரைத் தம் மொழியிலேயே எழுதுமாறு ஊக்கியவர் தொம்சன். அத்தகைய இருவரின் கூட்டுறவில் விளைந்த நூல் தமிழ் வாசகருக்கு எட்டாதிருந்தமை வரலாற்றின் முரண் எனலாம். தனியொருவரை இதற்குப் பொறுப்பாக்குதல் தகாது. பட்டம் வழங்கிய நிறுவனத்தின் மொழி ஆங்கிலம். உலக அரங்கிலே தமிழை முன்வைக்க அம்மொழியே வாயிலாக இருந்தது.

கைலாசபதி தம் கருத்துக்களைத் தமிழில் எழுதாமல் இருக்கவில்லை. 1966இல் வெளிவந்த ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’, 1969இல் வெளிவந்த ‘ஒப்பியல் இலக்கியம்’ ஆகிய நூல்களிலே அவ்வாய்வின் சாரம் உள்ளது. ஆயின், கட்டுரை வடிவிலே முடிபுகளும் அவற்றின் பின்னணியும் வரக்கூடும். பாடல் பாடலாக எடுத்துத் தொடர்களை ஒப்புநோக்கி நிறுவிய நீண்ட பாதை முழுமையாக வராது. இதன் விளைவு யாதெனில், வீரயுகம் என்னும் சொல் தமிழ் விமர்சனத்திலே வேரூன்றியது. அதனைச் சோதிக்கும் முறை வேரூன்றவில்லை. பரீட்சை விடைகளிலும் மேடைகளிலும் அச்சொல் ஒரு வாய்பாடாயிற்று. ஏற்றோர் சோதியாமல் ஏற்றனர். மறுத்தோரும் சோதியாமல் மறுத்தனர். அந்நூலைப் பற்றித் தமிழில் நடந்த வாதங்களிற் பல, கைலாசபதியின் மார்க்சியம் பற்றியனவாக இருந்தன. அவர் காட்டிய மரபுத்தொடர்கள் பற்றியனவாக இருக்கவில்லை.

இரு நூல்களும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தமிழாக்கம் பெற்றன. கொழும்புக் குமரன் புத்தக இல்லம் அவற்றை வெளியிட்டது. கைலாசபதி 1982இலேயே மறைந்துவிட்டார். தம் ஆய்வேட்டை முழுமையாகத் தமிழில் வாசித்த ஒரு மாணவரின் எதிர்வினாவைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. சிவத்தம்பி 2011வரை வாழ்ந்தமையால் தம் நூலின் தமிழாக்கத்தைக் காணும் பேறு பெற்றார். கலாநிதிப் பட்ட ஆய்வு என்பது நெறியாளரும் தேர்வாளரும் ஏற்றவுடன் முடிந்துவிடுவதன்று. ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்களின் மொழியில் அது வினாவப்படும்போதே நிறைவெய்துகின்றது. இந்நோக்கில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைக் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்த சி. மௌனகுருவின் ஆய்வு தமிழ் நூலாகவே வெளிவந்தமை முக்கியமான திருப்பமாகும். ஆடுவோரும் அண்ணாவிமாரும் தம்மைப் பற்றிய ஆய்வைத் தாமே வாசித்து மறுத்துரைக்க அது வழிசெய்தது.

5. கணினித்துறையில் அதே வினா

இது பழங்கதையன்று. தமிழ் மொழி பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வுகள் இன்று தமிழ்த்துறைகளில் மாத்திரம் நடைபெறுவதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய கணினிப் பொறியியல் துறையிலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 2002இல் உருவான கணினிக் கற்கைகள் நிறுவகத்திலும் சிங்களத்தோடு தமிழும் ஆய்வுப் பொருளாகியுள்ளது. சொற்களைப் பகுத்தல், மொழிபெயர்த்தல், பேச்சை எழுத்தாக்கல் ஆகியன அங்கே ஆராயப்படுகின்றன. அங்கு நெறியாளர் பொறியின் இயல்பை அறிந்தவர். தமிழறிந்தவராகவும் இருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை. ஆய்வேடு ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. கைலாசபதியும் சிவத்தம்பியும் தொம்சன் முன் அமர்ந்திருந்த நிலையும் இதுவே.

இவ்விரு துறைகளும் சந்திக்கக்கூடிய இடமொன்றைக் கைலாசபதியின் நூலே காட்டுகின்றது. சங்கப் பாடல்களிலே மரபுத்தொடர்கள் எந்த அளவுக்கு, எந்த யாப்பிடங்களில் மீண்டும் வருகின்றன என்பதை அவர் வாசித்தும் குறித்தும் கண்டார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பயனாகச் சங்க நூல்கள் கணினியில் வாசிக்கத்தக்க வடிவிலே கிடைக்கின்றன. அவர் ஆண்டுக்கணக்கிற் செய்த எண்ணிக்கையைக் கணினி சில நிமிடங்களிலே செய்துவிடும். புறப்பாடல்களுக்கும் அகப்பாடல்களுக்கும் இடையே தொடர்களின் செறிவு வேறுபடுகின்றதா, பிற்காலத்தனவாகக் கருதப்படும் கலித்தொகையிலும் பரிபாடலிலும் அச்செறிவு குறைகின்றதா என்பவற்றைச் சோதித்தால், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலவும் வாதமொன்று புதிய நிலையை அடையும்.

ஆயின், கணினி எண்ணுவது எழுத்துத் தொடரையே. புணர்ச்சியால் உருமாறிய இரு சொற்கள் ஒன்றா, வேறா? அடைமொழி மாறிப் பெயர் நிலைத்தால் அது அதே மரபுத்தொடரா? பதிப்பாசிரியர் பிரித்த சீரை ஏற்பதா, மூலபாட வேறுபாட்டையும் கணக்கிற் கொள்வதா? இவற்றைத் தீர்மானிப்பது தமிழ்ப் புலமை. அப்புலமையின்றிக் கிடைக்கும் எண்ணிக்கை விரைவானதாயிருக்கும், சான்றாகாது. மறுதலையாக, எண்ணும் முறையை அறியாத தமிழறிஞர் அதன் பெறுபேற்றை வியந்து ஏற்பார் அல்லது வெறுத்து ஒதுக்குவார். வீரயுகக் கோட்பாட்டுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும். எனவே, அத்தகைய ஆய்வை மேற்கொள்ளும் மாணவருக்குத் தமிழ்த்துறையிலிருந்து ஒருவரும் கணினித்துறையிலிருந்து ஒருவருமாக இரு நெறியாளர் தேவை. பேராதனையும் பேர்மிங்ஹாமும் முன்பின்னாகச் செய்ததை அவ்விருவரும் ஒருங்கே செய்தல் வேண்டும்.

மற்றொரு தேவையும் உண்டு. ஆய்வேட்டின் மொழி ஆங்கிலமாயினும், அதன் பாதை தமிழிலும் வெளிவருதல் வேண்டும். சுருக்கமான முடிபுரையோ பாராட்டுரையோ போதாது. எவ்வகைச் சான்று கொள்ளப்பட்டது, எது தள்ளப்பட்டது, எவ்விடத்தில் ஐயம் எஞ்சியுள்ளது என்பன தமிழில் கூறப்படல் வேண்டும். அதற்குக் களமின்மை ஒரு சாட்டாகாது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலே நூலகத்தோடும் மண்டபத்தோடும் விளங்குகின்றது. 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையிலே கற்றல் மரபொன்றைப் பேணிவந்துள்ளது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து ஆக்கங்களை எவரும் வாசிக்கத்தக்கதாக வைத்துள்ளது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களும் உள்ளன. ஆய்வு மாணவர் ஒருவர் தாம் செய்யும் ஆய்வை ஆண்டுக்கொருமுறை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பொது அவையொன்றின்முன் தமிழில் விளக்கி வினாக்களுக்கு விடையளிப்பாராயின், நெறியாளர் இருவராலும் காணமுடியாத குறையை அவ்வவை காணக்கூடும். ஆங்கிலத்திற் கற்ற கலைச்சொல்லொன்றைத் தமிழில் விளக்க முயலும்போதே அதனைத் தாம் முழுதும் விளங்கிக்கொள்ளவில்லை என்பதை மாணவரும் உணர்வர். தமிழறியாத தொம்சனுக்குத் தமிழை விளக்கியதால் கைலாசபதி பெற்ற தெளிவின் மறுபக்கம் இதுவாகும்.

முடிவாக, நன்னூலின் உவமைகளுக்கு மீளுதல் பொருந்தும். தலைமாணாக்கருக்கு உவமையான அன்னம் பாலையும் நீரையும் பிரித்தறிவது. கைலாசபதியும் சிவத்தம்பியும் தொம்சன் தந்ததனைத்தையும் அப்படியே கொள்ளாது, தமிழ்ச் சான்று ஏற்பதைக் கொண்டு ஏனையவற்றைப் பிரித்தறிய முயன்றனர். சிவத்தம்பி அதிற் கூடிய அளவு வெற்றி கண்டார் எனலாம். அவர்களுடைய நூல்களைப் பெற்ற தமிழ்ச் சூழல் அவ்வாறு செய்ததா என்பது வேறு வினா. முடிபுகளை மட்டும் பெற்றவனால் பாலையும் நீரையும் பிரித்தல் இயலாது. முடிபை அடைந்த வழியைப் பெற்றவனாலேயே அது இயலும். இரு நூல்களும் இப்பொழுது தமிழில் உள்ளன. அவற்றைப் போற்றுதலும் தூற்றுதலும் போதிய அளவு நடந்துவிட்டன. பாடல் பாடலாகச் சோதிக்கும் வேலை இன்னும் எஞ்சியிருக்கின்றது.